சாதோ தீவை சைக்கிளில் தனியாகச் சுற்ற எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி இதுதான்: மே கடைசியில் பத்து நாள் விடுமுறை. ஜப்பானில் கூட்டமில்லாத ஒரு தீவில் தனியாக சைக்கிள் ஓட்டி, டென்ட் போட்டுத் தங்க ஆசை. அசைவம் கிடையாது, ஜப்பானிய மொழியும் தெரியாது. சாதோ சரிப்படுமா? அதை ஒரே நாளில் 210 கிலோமீட்டர் ஓட்டி முடித்துவிடுகிறார்களாமே, அப்படியானால் எனக்கு எத்தனை நாள் போதும்?

சரிப்படும். ஐந்து இரவு வையுங்கள், ஆறு என்றால் இன்னும் நல்லது. அந்த 210 கிலோமீட்டர், வருடா வருடம் மே மாதத்தில் நடக்கும் ஒரு சைக்கிள் நிகழ்ச்சியின் கணக்கு. அதில் அதிகாலையிலேயே கிளம்புகிறார்கள், வழியெங்கும் சாப்பாடும் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள், சைக்கிளில் ஒரு சுமையும் இல்லை. நீங்கள் பதினைந்து கிலோ மூட்டையோடு போகிறீர்கள். நான் இரண்டு முறை சுற்றியிருக்கிறேன். முதல் முறை மூன்றே நாளில் முடித்துவிட்டு வந்தேன். இன்று அதில் ஞாபகம் இருப்பது என் முன்சக்கரம் மட்டும்தான். இரண்டாம் முறைதான் ஒன்று புரிந்தது. அந்தத் தீவில் ஒரு நாளின் அளவைக் கிலோமீட்டர் தீர்மானிப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அடுத்த கடை எங்கே, குளிக்க இடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

தீவின் அமைப்பு எளிது. வரைபடத்தில் சாய்ந்து விழுந்த ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல இருக்கும். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே இன்னொன்று, நடுவில் நெல் வயல் நிறைந்த குனினாக்கா சமவெளி. வடக்கு மலைகளில் உயரமான கின்போக்கு 1,172 மீட்டர். கடற்கரையின் மொத்த நீளம் சுமார் 280 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய தீவில் மக்கள் ஐம்பதாயிரம் பேர் அளவில்தான். 1950-இல் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தார்கள். நீங்கள் தேடும் அமைதி அங்கே இருப்பதற்குக் காரணம் இதுதான், நீங்கள் தேடும் கடை அங்கே மூடிக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

போகும் வழி: டோக்கியோவிலிருந்து, சாதோவுக்குக் கப்பல் கிளம்பும் நீகாத்தா நகரத்துக்கு ஷின்கான்சென் ரயிலில் இரண்டு மணி நேரம். ஜப்பானிய ரயிலில் சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு ஏற முடியாது. சக்கரங்களைக் கழற்றி, முழுவதும் மூடும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதற்கு ‘ரின்கோ’ என்று பெயர், அதற்கான பை சைக்கிள் கடைகளில் கிடைக்கும். வீட்டில் மூன்று முறையாவது பிரித்து மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள். டோக்கியோ நிலையத்தில் நின்றுகொண்டு மட்கார்டு ஸ்க்ரூவோடு மல்லாடுவது நல்ல அனுபவம் அல்ல. சீட்டு வாங்கும்போது பெட்டியின் கடைசி வரிசையைக் கேளுங்கள், அதன் பின்னால் பையைச் சாய்த்து வைக்க இடம் இருக்கும். நீகாத்தா நிலையத்திலிருந்து துறைமுகம் மூன்று கிலோமீட்டர் அளவில். ஷினானோ ஆற்றை ஒட்டிச் சுகமாக ஓட்டிப் போகலாம்.

அங்கே இரண்டு வகைக் கப்பல் உண்டு. ஜெட்ஃபாயில் என்ற வேகக் கப்பல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும், ஆனால் சைக்கிளைத் திரும்பப் பைக்குள் போட வேண்டும். கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரி இரண்டரை மணி நேரம். தனிக் கட்டணம் கட்டினால் சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்றலாம். யோசிக்காமல் ஃபெர்ரி எடுங்கள். தரைவிரிப்பு போட்ட பொது அறையில் உள்ளூர்க்காரர்களோடு காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். இறங்கும் ஊர் ரியோட்சு.

ரியோட்சுவிலிருந்து எந்தப் பக்கம் சுற்றுவது? கடிகாரச் சுற்று. நம் ஊர் போலவே ஜப்பானிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன, அதனால் கடிகாரச் சுற்றில் போனால் கடல் முழு வழியும் உங்கள் கையருகே, நடுவில் எதிர்வண்டி இல்லாமல் இருக்கும். இன்னொரு காரணம் காற்று. சோத்தோகாய்ஃபு எனப்படும் வடமேற்குக் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. வெயில் காலத்தில் தென்மேற்குக் காற்று அடித்தால் அந்தக் கரை முழுவதும் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். அக்டோபருக்கு மேல் கதை மாறும். வடமேற்குக் காற்று நேராகக் கடலிலிருந்து பக்கவாட்டில் அறையும், ஃபெர்ரியும் நிற்கும். மே கடைசி, ஜூன் தொடக்கம் நல்ல தேர்வுதான். ஜூன் நடுவில் மழைக்காலம் தொடங்கிவிடும், ஜூலை கடைசி வரை விடாது.

முதல் நாள் தெற்கே திரும்பிக் கிழக்குக் கரையில் போங்கள். ரியோட்சுவிலிருந்து சிறிது தூரத்திலேயே ஹிமேசாக்கி கலங்கரை விளக்கம். 1895-இல் கட்டியது, இரும்பால் ஆனது. இன்றும் எரிகிற இரும்புக் கலங்கரை விளக்கங்களில் ஜப்பானிலேயே பழையது. அதற்கப்புறம் தென்மேற்கு மூலையிலுள்ள ஓகி என்ற ஊர் வரை சின்னச் சின்ன மீனவக் குடியிருப்புகள், வாசலில் காயும் வலைகள், அவ்வளவுதான். பலர் இந்தக் கரையைச் சலிப்பு என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் முதல் நாளே 70 கிலோமீட்டர் ஓட்டி ஓகி போய்ச் சேர நினைக்க வேண்டாம், மதிய ஃபெர்ரியில் வந்தால் பாதி வழியில் படுத்துவிடுங்கள்.

ஓகியில் ஒரு முழு நாள் கொடுங்கள். மரத்தொட்டி போன்ற ‘தாராய்புனே’ படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். வேடிக்கைக்குச் செய்தது போல இருக்கும், உண்மையில் அதற்கொரு காரணம் உண்டு. 1802-இல் வந்த நிலநடுக்கத்தில் இந்தப் பக்கத்துக் கடற்தரை மேலெழுந்து, கரையோரம் முழுவதும் பாறையும் சந்துமாக ஆகிவிட்டது. நீளமான படகு அங்கே திரும்பாது. கடற்பாசியும் சங்கும் எடுக்கப் போகிறவர்கள் பிற்பாடு பீப்பாயைப் பாதியாக வெட்டியது போன்ற இந்தத் தொட்டியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்திலேயே ஷுகுனேகி: பழைய கப்பல்காரர்களின் கிராமம். ஒரு சின்னப் பள்ளத்துக்குள் நூறு வீடுகளுக்கு மேல் நெருக்கியடித்து நிற்கின்றன, சுவர்களில் கப்பல் பலகைகள். சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். ஜனங்கள் இன்னும் குடியிருக்கிற ஊர் அது. இந்தப் பக்கத்தில் சோபாமா கடற்கரையில் முகாம் இடம் உண்டு.

அங்கிருந்து மானோ விரிகுடாவைச் சுற்றினால் சவாதா. தீவிலேயே கடை நிறைந்த இடம் இதுதான்: சூப்பர் மார்க்கெட், வன்பொருள் கடை, துணி துவைக்கும் இயந்திரக் கடை எல்லாம் உண்டு. அடுப்புக்கு எரிவாயு இங்கேதான் வாங்க வேண்டும். இதில் ஒரு விஷயம். மலையேறுபவர்கள் பயன்படுத்தும், திருகி மாட்டும் உருளை எல்லா இடத்திலும் கிடைக்காது. மேசை அடுப்புக்குப் போடும் நீளமான கேசட் டப்பாதான் எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. அதனால் அந்த டப்பா பொருந்துகிற அடுப்பாகக் கொண்டு போங்கள். விமானத்தில் எரிவாயு ஏற்றவே முடியாது என்பது தெரிந்திருக்கும்.

ஒரு மதியத்தைச் சமவெளிக்கு ஒதுக்குங்கள். தொக்கி என்கிற கொண்டை அரிவாள்மூக்கன் அங்கே வயலில் மேயும். வெள்ளைப் பறவைதான், சிறகு விரித்தால் உட்பக்கம் இளஞ்சிவப்பு. 1981-இல் காட்டில் மிச்சம் இருந்த ஐந்தையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். ஜப்பானின் சொந்த வழியில் வந்த கடைசிப் பறவை 2003-இல் செத்தது. அதற்குள் 1999-இல் சீனா கொடுத்த ஜோடியிலிருந்து இனப்பெருக்கம் தொடங்கியிருந்தது. 2008 செப்டம்பரில் முதல் பத்துப் பறவைகளை வெளியே விட்டார்கள், இன்று காட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பறவை வாழ வேண்டுமானால் வயலில் தவளையும் மீனும் வேண்டும். அதற்காக மருந்தைக் குறைத்து, வரப்போரம் தண்ணீர் நிற்கப் பள்ளம் வெட்டி விவசாயம் செய்பவர்களின் அரிசிக்குத் தனி முத்திரை உண்டு. கண்ணில் பட்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் இருந்த இடத்திலேயே நின்று பாருங்கள். வரப்பில் இறங்கினால் பறந்துவிடும், வயல்காரரும் முறைப்பார்.

இந்தச் சமவெளியில் இன்னொன்றும் கண்ணில் படும்: சின்னச் சின்னக் கோவில்களின் முற்றத்தில் ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான ‘நோ’வுக்குக் கூரை வேய்ந்த மேடை. முப்பதுக்கு மேல் இன்னும் நிற்கின்றன. சாதோ ஒரு காலத்தில் நாடுகடத்தும் தீவு. 1221-இல் ஜுன்தோக்கு என்ற மன்னர், 1271-இல் நிச்சிரென் என்ற துறவி, 1434-இல் எழுபது வயதைத் தாண்டிய நாடக மேதை ஸெயாமி என்று தலைநகரத்துக்கு வேண்டாதவர்களை எல்லாம் இங்கே அனுப்பினார்கள். 1601-இல் தங்கம் கிடைத்த பிறகு சுரங்கத்தைக் கவனிக்க வந்த அதிகாரி தன்னோடு நடிகர்களையும் அழைத்துவந்தார். அப்படிப் பரவிய கலை அப்புறம் விவசாயிகள் கைக்குப் போனது. ஜூனில் தீப்பந்த வெளிச்சத்தில் சில மேடைகளில் ஆட்டம் நடக்கும், தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள்.

மேற்குக் கரையிலுள்ள ஐகாவாவில் அந்தத் தங்கச் சுரங்கம். 1989 வரை வேலை நடந்தது, சுரங்க வழிகளின் மொத்த நீளம் சுமார் 400 கிலோமீட்டர். 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மலையுச்சியை நடுவில் பிளந்தது போல ஒரு வெட்டு தெரியும். தங்க நரம்பைத் தொடர்ந்து மேலிருந்து மனிதக் கைகள் வெட்டியது அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரியர்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து இங்கே வேலை வாங்கிய கதையும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

இனி வடக்கு. ஐகாவாவிலிருந்து வடமுனையைச் சுற்றி ரியோட்சு வரை 70 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பயணத்தின் உயிரே இந்தத் துண்டுதான், சிரமமும் இங்கேதான். சாலை ஒரு பக்கம் மலையோடு ஒட்டிப் போகும். குகைப்பாதைகள் வரிசையாக வரும், சில குறுகல், சில இருட்டு. பகலிலும் முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் எரியட்டும். கடையை நம்பவே நம்பாதீர்கள். குளிர்பான இயந்திரம் ஆங்காங்கே நிற்கும், ஆனால் அதில் சோறு வராது. இரண்டு வேளைச் சாப்பாட்டையும் மூன்று லிட்டர் தண்ணீரையும் ஐகாவாவிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கடற்கரையோடு போய்க்கொண்டிருக்கும் சாலை ஓரிடத்தில் திடீரென்று மலைச்சுவரில் ஆங்கில ‘இசட்’ எழுத்து போல ஏறும். தூரத்திலிருந்தே தெரியும், அதனால் வயிற்றைக் கலக்க நிறைய நேரம் கிடைக்கும். நான் இரண்டு முறையும் இறங்கித் தள்ளினேன். அந்த வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் வந்த கரை முழுவதும் கீழே விரிந்து கிடக்கும், தள்ளினவனுக்குத்தான் அதைப் பார்க்க நேரம்.

அதற்கப்புறம் ஓனோகாமே, கடலுக்குள் கவிழ்ந்து கிடக்கும் ஆமை போல 167 மீட்டர் உயர ஒற்றைப் பாறை. மே கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை அதன் அடிவாரப் புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. உங்கள் தேதிக்கு அது வாய்க்கும். அந்த நாட்களில் மட்டும் அங்கே பேருந்துக் கூட்டம் இருக்கும், காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விட்டால் பூவும் நீங்களும்தான். பக்கத்தில் ஃபுதாட்சுகாமே, இரண்டு ஆமைகள் போன்ற பாறைத்தீவு. அதைப் பார்த்தபடி மேட்டில் புல்தரை முகாம் இருக்கிறது. தீவில் ஒரே ஒரு இரவுதான் டென்ட் என்றால் அங்கே போடுங்கள். இரண்டுக்கும் நடுவே கரையோர நடைபாதையில் ஒரு குகை, சாய்நோ கவாரா. இறந்துபோன குழந்தைகளுக்காகக் கல்லைக் கல்மேல் அடுக்கி, குழந்தைகளைக் காக்கும் ஜீஸோவின் சின்னச் சின்னச் சிலைகளையும் பொம்மைகளையும் வைத்திருப்பார்கள். படம் எடுக்கக் கை வரவில்லை எனக்கு. ஒரு கல்லையும் தொடாமல் கடந்துபோங்கள்.

வடமுனையிலிருந்து ரியோட்சு வரை உச்சிகாய்ஃபு கரை. மலை மறைப்பதால் வடமேற்குக் காற்று இங்கே எட்டாது, சாலையும் பெரும்பாலும் சமதளம். இடையில் மலைமேல் போகும் ஓசாதோ ஸ்கைலைன் என்ற சாலையைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்க வேண்டாம். 900 மீட்டருக்கு மேல் ஏறும், மூட்டையோடு அது தண்டனை.

டென்ட் பற்றி. தீவில் முகாம் இடங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் பல இடங்கள் ஜூலை, ஆகஸ்ட்டை மனதில் வைத்து நடப்பவை. மே மாதத்தில் தண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்டு, அவர்களையே ஃபோன் செய்யச் சொல்லுங்கள். மொழிப் பிரச்சினையும் தீர்ந்தது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் முறை அக்டோபர் கடைசியில் போனபோது, ஒரு முகாமுக்கு இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் குழாய்க்குச் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது. பாட்டிலில் அரை லிட்டர்தான் மிச்சம். கீழே இருந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, பாட்டிலைக் காட்டி, “மிஸு” என்றேன். அந்தப் பாட்டி தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு பை நிறையக் காக்கிப் பழமும் (பெர்சிமன்) கொடுத்தார். காலையில் அதே பழம் வழியோர மரத்தில் தொங்குவதைப் பார்த்து, தரையில் கிடந்த ஒன்றை எடுத்துக் கடித்தேன். வாயெல்லாம் துவர்த்து நாக்கு மரத்துப்போனது. அங்கே விளைவது துவர்ப்பு வகை. பறித்தபின் சாராய ஆவியில் வைத்துத் துவர்ப்பை எடுத்தபிறகுதான் விற்பார்களாம். பாட்டி கொடுத்தது பக்குவப்படுத்திய பழம்.

கண்ட இடத்தில் டென்ட் போடலாமா என்று கேட்பீர்கள். கரையின் பல பகுதிகள் தேசியப் பூங்காவுக்கு அடுத்த நிலையில் பாதுகாக்கப்பட்ட பூங்காவுக்குள் வருகின்றன, மீதி நிலத்துக்குச் சொந்தக்காரர் இருப்பார். முகாமிலேயே போடுங்கள். சின்ன மீன்பிடித் துறையின் மூலையில் ஒதுங்க வேண்டி வந்தால் கேட்டுவிட்டு, இருட்டியபின் போட்டு, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். ஜூனில் சூரியன் காலை நாலரைக்கு முன்பே வந்துவிடும், எழுந்திருப்பது கஷ்டமே இல்லை. குப்பைத்தொட்டி எங்கும் கிடையாது, உங்கள் குப்பை உங்கள் பையிலேயே வரும்.

பாதுகாப்பு என்றால், தனியாகப் படுக்க ஜப்பானில் இதைவிட நிம்மதியான இடம் குறைவு. சாதோவில் கரடி இல்லை, காட்டுப்பன்றி இல்லை, குரங்கும் இல்லை. மாமுஷி என்ற விஷப்பாம்பு உண்டு, புல்லில் இரவில் நடந்தால் டார்ச்சோடு நடங்கள். உண்மையான திருடன் காக்கைதான். ரொட்டியைக் கேரியரில் விட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன், திரும்பி வந்தால் பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது. இதைவிடப் பெரிய விஷயம் கடல். 2024 ஜனவரி 1-ஆம் தேதி நோட்டோ நிலநடுக்கத்தில் சாதோ கரைக்கும் சுனாமி வந்தது. நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கரையில் டென்ட் போடும் ஒவ்வொரு மாலையும், மேட்டுக்கு ஏறும் வழி எது என்று வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். நில அதிர்வு பலமாக இருந்தால் சைக்கிளையும் மூட்டையையும் விட்டுவிட்டு ஏற வேண்டும்.

சாப்பாடு சைவர்களுக்குக் கொஞ்சம் சோதனைதான். நூடுல்ஸ், சூப், காய்கறிக் கூட்டு என்று பார்க்கச் சைவமாக இருப்பதில் எல்லாம் தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும். ஓட்டலை மறந்துவிட்டுச் சமைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்து அடைத்த சோறு பாக்கெட் எங்கும் கிடைக்கும், கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். டோஃபு, தயிர், வாழைப்பழம், ஊமெபோஷி என்ற உப்பு ஊறுகாய்ப்பழம் வைத்த அரிசி உருண்டை இவற்றோடு வீட்டிலிருந்து ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போனால் ஆறு நாள் ஓடிவிடும். பச்சை இலை, காய், பழம் எதுவும் விமானத்தில் கொண்டு போகாதீர்கள், அங்கே சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் இதில் அடக்கம்.

குளியல்: வெந்நீர் ஊற்றுக் குளியல்கள் தீவில் உண்டு, ஆனால் ஆள் குறையக் குறைய மூடிக்கொண்டு வருகிறார்கள். பழைய பட்டியலை நம்பிப் போகாமல் அன்றன்று விசாரியுங்கள். உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும், முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். கூச்சம் ஐந்து நிமிடம்தான். அறுபது கிலோமீட்டர் ஓட்டி வலிக்கும் முட்டி அதையெல்லாம் யோசிக்கவிடாது.

சில்லறை விஷயங்கள். பணம் ரொக்கமாக வைத்திருங்கள். அட்டை என்றால் தபால் நிலைய ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும், சின்ன ஊர்களில் மாலையோடு மூடிவிடும். இரண்டு டியூப், பஞ்சர் சாமான், செயின் இணைப்பு, உங்கள் சக்கரத்துக்கான ஸ்போக் மூன்று கொண்டு போங்கள், வடக்குக் கரையில் கடை கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கும், ஓட்டிக்கொண்டே கைப்பேசி பார்ப்பதற்கும் 2024 நவம்பரிலிருந்து தண்டனை கடுமையாகிவிட்டது, சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள். விசாவுக்குத் தேதி வாரியாகத் தங்குமிடம் எழுதித் தர வேண்டும், அதில் முகாம்களின் பெயரையே எழுதுங்கள். முதல் இரவும் கடைசி இரவும் நீகாத்தாவில் ஓட்டல் என்று வையுங்கள். அந்தக் கடைசி இரவை வெறும் ஒப்புக்கு வைக்கச் சொல்லவில்லை. காற்று பலத்து ஃபெர்ரி ஒரு நாள் நின்றாலும் டோக்கியோ விமானம் தப்பாமல் இருக்க அந்த ஒரு நாள்தான் உங்களிடம் இருக்கும்.